பிபிஏ முடித்தாயிற்று, அரசு வேலைக்காக வீட்டில் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். அப்பா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பிளஸ் டூ வரை ஊரிலேயே தமிழ் வழியில் படித்தேன். அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பிபிஏ, ஆங்கில வழியில், 71 சதவீதம். வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது. அடுத்த மாதம் சேரச் சொல்கிறார்கள். அப்பாவோ, "கவர்மெண்டு வேலன்னாத்தான் மருவாதி, வீட்ல இருந்து படி" என்கிறார். என் அத்தை மகன் அப்படித்தான் வீட்டில் இருந்து படிக்கிறார். ஐந்தாறு வருஷமாக ஒன்றும் அமையவில்லை. அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வங்கித் தேர்வா, டிஎன்பிஎஸ்சியா, கூடங்குளம், துறைமுகம் மாதிரி பொதுத்துறை நிறுவனங்களா என்றும் புரியவில்லை. பிபிஏ படிப்பு இதில் எதற்காவது உதவுமா? எம்பிஏ படித்தால்தான் வழியா? இந்தத் தனியார் வேலையில் சேரலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறார்கள். வேலையில் சேருங்கள். சேர்ந்துகொண்டே படியுங்கள். அப்பாவை எதிர்த்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அத்தை மகனைப் பற்றி எழுதிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவரைப் போன்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போட்டித் தேர்வு எழுதுகிறவர்களோடுதான் என் பெரும்பாலான நேரம் போகிறது. அவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. முதல் வருஷம் குரூப் 4 எழுதுவார்கள், கொஞ்சத்தில் போய்விடும். அடுத்து வங்கித் தேர்வு அறிவிப்பு வரும். படித்ததை அப்படியே வைத்துவிட்டு அதற்குத் தாவுவார்கள். அதுவும் கொஞ்சத்தில் போகும். அதற்குள் ரயில்வே அறிவிப்பு. சுத்தமாக வராதவர் ஒரு வருஷத்திலேயே வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். கொஞ்சத்தில் தவறுகிறவருக்குத்தான் விட மனசு வராது. அப்படியே 28, 29 வயது ஆகிவிடும். அப்போது தனியார் வேலைக்குப் போனால், "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அத்தனை வருஷமும் உழைத்த பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குக் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

அதனால் இரண்டு விஷயத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த வகைத் தேர்வு என்பது ஒன்று. எத்தனை சுற்று என்பது இன்னொன்று.

வகை என்று நான் சொல்வது பாடத்தைப் பொறுத்தது. வங்கி, எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்), ரயில்வே தேர்வுகள் ஏறத்தாழ ஒரே குடும்பம். கணக்கும், ரீசனிங் என்கிற தர்க்கக் கேள்விகளும் எல்லாவற்றிலும் உண்டு, வங்கியிலும் எஸ்எஸ்சியிலும் ஆங்கிலமும் சேரும். எல்லாமே நேரத்தோடு ஓடுவது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கத் தேர்வு வைக்கும் ஐபிபிஎஸ் அமைப்பு நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் 60 நிமிஷத்தில் 100 கேள்வி. மூன்று பகுதிக்கும் தனித்தனியாக 20 நிமிஷம், ஒரு தவறான விடைக்குக் கால் மார்க் போய்விடும். டிஎன்பிஎஸ்சி வேறு குடும்பம். அங்கே பள்ளிப் பாடப்புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்: தமிழ், வரலாறு, அரசியலமைப்பு, தமிழ்நாட்டு நிர்வாகம். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் பாதி தமிழ்தான். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தவறான விடைக்கு அங்கே மார்க் குறைப்பு இல்லை. ஒன்று வேகத்தைக் கேட்கிறது, இன்னொன்று ஞாபகத்தையும் ஆழ்ந்த வாசிப்பையும் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பது இரட்டைக் குதிரைச் சவாரி. உங்கள் அத்தை மகனிடம் கேட்டுப் பாருங்கள், அவர் எத்தனை தடவை குதிரை மாறினார் என்று தெரியவரும்.

எந்தக் குடும்பம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வங்கித் தேர்வுத் தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். அடுத்த ஞாயிறு குரூப் 4 தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். மார்க்கைவிட, எதை எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை என்று கவனியுங்கள்.

ஆனால் தேர்வை வைத்து மட்டும் வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர்வு ஒரு வருஷம், இரண்டு வருஷம். வேலை 60 வயது வரை. "கவர்மெண்ட் வேலை" என்று நம் ஊரில் சேர்த்துச் சொல்கிற வேலைகளுக்குள் உள்ள தூரம், அரசுக்கும் தனியாருக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பத்திரமும் வில்லங்கமும்தான். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் உதவி ஆய்வாளர் என்றால் பஞ்சாயத்துகளின் வவுச்சர்களோடுதான் வாழ்க்கை. இரண்டும் குரூப் 2, குரூப் 2ஏ பட்டியலில் ஒரே தேர்வு அறிவிப்பில் வருகிறவை. செய்கிற வேலைகளுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. வங்கி இவை இரண்டிலிருந்தும் வேறு. அங்கே டார்கெட் உண்டு. டெபாசிட், கடன், இன்சூரன்ஸ், வாராக்கடன் வசூல் என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு. "அரசு வங்கி, பத்து மணிக்குப் போய் அஞ்சு மணிக்கு வந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதக் கடைசியில் மேலாளர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று உங்கள் ஊர்க் கிளையிலேயே பார்க்கலாம்.

சரி, பிபிஏ எதற்கு உதவும்? தேர்வு அறைக்குள் அநேகமாக உதவாது. பொறியியல் படித்தவரும், கணிதம் படித்தவரும், தமிழ் இலக்கியம் படித்தவரும் அதே தாளைத்தான் எழுதுவார்கள். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், உங்கள் 71 சதவீதத்துக்கு அங்கே தனி மதிப்பு கிடையாது. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் வேலைக்குள் போனபிறகு கதை வேறு, அதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளம் போடுகிற ஒருவர் நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டப் பணம், கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் வருஷம் 40 லட்ச ரூபாய்க்கு விற்பேன் என்கிறார். சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றும் பழைய கணக்கு ஒன்று உண்டு: விற்பனையில் கால்பங்கு நடைமுறை மூலதனமாகத் தேவைப்படும், விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் அவர் கைக்காசு. அப்படியானால் 10 லட்சம் தேவை, நாம் 8 லட்சம், அவர் 2 லட்சம். கல்லூரியில் படித்த ஒர்க்கிங் கேபிட்டல் பாடம் இதுதான். சூத்திரம் போட்டு முடித்தாயிற்று. ஆனால் 40 லட்சம் என்பது உண்மையா?

மற்ற வியாபாரமாக இருந்தால் ஜிஎஸ்டி தாக்கலை எடுத்துப் பார்த்துவிடலாம். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. அவருடைய வங்கிக் கணக்கில் வந்த பணத்தைக் கூட்டுவீர்கள். அதில் பாதி விற்பனை ரொக்கத்தில் நடந்திருக்கும், கணக்கில் தெரியாது. அப்போது உளுந்து வாங்கிய பில்லைக் கேட்பீர்கள். ஒரு மூட்டை உளுந்துக்கு எவ்வளவு அப்பளம் வரும் என்று அங்கே வேலை செய்கிற அம்மாக்களிடம் பேச்சுவாக்கில் கேட்பீர்கள். வெளியூருக்கு அனுப்பிய லாரி புக்கிங் ரசீதுகளை அடுக்கிப் பார்ப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட முடியாமல் வேலை படுக்கும். அந்த மாதங்களில் வட்டி கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கிட்டங்கிக்குப் போய், இருப்புப் பட்டியலில் எழுதியிருக்கிற மூட்டைகள் அங்கே இருக்கின்றனவா என்று எண்ணுவீர்கள். அடியில் இருக்கிற மூட்டையையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், மேலே அடுக்கியது மட்டும் போதாது.

இதில் உங்களுக்கு ஆர்வம் வருகிறதா? படிக்கும்போதே "நான் போனால் இதையும் கேட்டிருப்பேன்" என்று ஏதாவது தோன்றினால், நீங்கள் வங்கிக்கு ஏற்றவர். பாத்திரக்கடையில் வளர்ந்த பெண்ணுக்கு, எந்தச் சரக்கு தூங்குகிறது, யார் கடன் சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வருவார் என்பதெல்லாம் யாரும் கற்றுத் தராமலே தெரிந்திருக்கும். பிபிஏ அந்த அறிவுக்குப் பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்த ஆட்கள் வங்கியில் குறைவு. தேர்வில் முதலில் வந்த எத்தனையோ பேர், ஒரு கடைக்காரரின் கணக்கைப் படிக்கத் தெரியாமல் கடன் மேசையில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தப்பாகக் கொடுத்த கடன் 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன். சரியான ஆளுக்குக் கொடுக்காமல் விட்ட கடனோ எந்தக் கணக்கிலும் வராது. அவர் கந்துவட்டிக்குப் போவார். நம் மாவட்டத்தில் கந்துவட்டி என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பொதுத்துறை வங்கி வேலையை நான் உயர்த்திப் பேசுவதற்கு முதல் காரணம் இதுதான், சம்பளம் அதற்கு அடுத்தது. இந்தக் கடன் மேசையில் ஒழுங்கான ஆள் உட்கார்ந்தால் ஒரு தெருவே பிழைக்கும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் கையெழுத்தான வங்கி ஊதிய ஒப்பந்தங்களின்படி எழுத்தருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய், அதிகாரிக்கு 48,480 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படை 19,500 ரூபாயில் தொடங்குகிறது. ஓய்வூதியத்தைப் பற்றி அப்பா மனதில் இருப்பது பழைய படம். 2010 ஏப்ரலுக்குப் பிறகு பொதுத்துறை வங்கியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டம்தான்: நம்மிடம் 10 சதவீதம் பிடிப்பார்கள், வங்கி 14 சதவீதம் போடும், கடைசியில் சேர்ந்திருக்கிற தொகையைப் பொறுத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் ஒரு தேர்வாக வந்திருக்கிறது. எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் ஓய்வூதியப் பத்தியை நீங்களே படித்துப் பாருங்கள், பக்கத்து வீட்டு மாமா சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இனி இடமாற்றம். உங்கள் கடிதத்தில் இது வரவே இல்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளையின் விஷயத்தில் வீட்டுக்குள் பெரிய சண்டை வருவது இதில்தான். எழுத்தர் என்றால் ஒரு மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோம். அந்த மாநில மொழி தெரிய வேண்டும், பெரும்பாலும் அங்கேயே இருக்கலாம். அதிகாரி என்றால் இந்தியா முழுக்க. எனக்கு முதல் அதிகாரிப் பணி ஒடிசாவில் ஒரு சின்ன ஊர். மொழி தெரியாது, அரிசி வேறு மாதிரி இருக்கும், வீட்டுக்கு வர இரண்டு ராத்திரி ரயில். பணம் எடுக்க வருகிற பாட்டிகள்தான் எனக்கு ஒடியா சொல்லிக் கொடுத்தார்கள். இன்று நினைத்தால், என்னை அதிகாரி ஆக்கியது அந்த ஊர்தான். ஆனால் எல்லாருக்கும் அது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பெண் ஊழியர்களைக் கணவர் இருக்கும் இடத்துக்கோ பெற்றோர் இருக்கும் இடத்துக்கோ பக்கத்தில் போடப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசு பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறது. அது உரிமை இல்லை. காலியிடம் இருந்தால் கிடைக்கும்.

இதற்காக நான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல நினைப்பது தமிழ்நாடு கிராம வங்கி. நம் பக்கத்துக்காரர்களுக்குப் பாண்டியன் கிராம வங்கி என்றால் உடனே தெரியும். 2019 ஏப்ரலில் அதையும் பல்லவன் கிராம வங்கியையும் சேர்த்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு கிராம வங்கி ஆக்கினார்கள். இதற்கும் தேர்வு நடத்துவது ஐபிபிஎஸ்தான். அதிகாரியாகப் போனாலும் தமிழ்நாட்டுக்குள்தான் இடமாற்றம். சம்பள விகிதம் தேசியமயமான வங்கிகளுக்கு இணையானது. இதைவிட உங்களுக்கு முக்கியமான ஒன்று: முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் கிடையாது. ரீசனிங்கும் கணக்கும் மட்டும், 45 நிமிஷத்தில் 80 கேள்வி, தமிழிலும் எழுதலாம். முதன்மைத் தேர்வில் ஆங்கிலம் ஒரு பகுதியாக வரும், அதற்குத் தயாராகத்தான் வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பொது வங்கித் தேர்வில் ஆங்கிலப் பகுதியைக் கண்டு மிரண்டு நின்றுவிடுகிறார்கள். இந்த வாசல் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. வயது வரம்பும் இப்போதைக்கு உங்களை நெருக்காது. கிராம வங்கி அதிகாரி, பொது வங்கி அதிகாரி இரண்டுக்கும் 30 வரை, எழுத்தருக்கு 28 வரை. ஓபிசி என்றால் மூன்று வருஷம் கூடும், எஸ்சி, எஸ்டி என்றால் ஐந்து.

கூடங்குளத்தையும் துறைமுகத்தையும் பற்றிச் சுருக்கமாக. ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கே உரியது மாதிரி தோன்றும். ஆனால் அங்கே வணிகம் படித்தவர்களுக்கான இடங்கள் கொஞ்சம். அணுமின் கழகம் மனிதவளம், நிதி, கொள்முதல் பிரிவுகளில் உதவியாளர் பணிக்கு அவ்வப்போது பட்டதாரிகளிடமிருந்து விண்ணப்பம் கேட்கும். வந்தால் போடுங்கள். அதை நம்பி உட்காராதீர்கள். பெரிய பொதுத்துறை நிறுவனங்களில் அதிகாரி நிலைப் பயிற்சியாளராக நிதிப் பிரிவில் சேர வேண்டுமென்றால் பெரும்பாலும் சிஏ, சிஎம்ஏ (செலவுக் கணக்கியல் படிப்பு), அல்லது நிதி எம்பிஏ கேட்பார்கள். வெறும் பிபிஏவுக்கு அந்தக் கதவு திறக்காது.

அதற்காக எம்பிஏவா? இப்போது வேண்டாம் என்பேன். அரசு வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்காமல் ஒரு படிப்பு என்று சேருகிற எம்பிஏ, இரண்டு வருஷத்தையும் அப்பாவின் சில லட்சங்களையும் எடுத்துக்கொள்ளும். முடித்து வந்தால் அதே ஐபிபிஎஸ் தாள்தான் காத்திருக்கும். கணக்கில் உண்மையாகவே பிடிப்பு இருந்தால் சிஎம்ஏவைப் பாருங்கள். பட்டதாரிகள் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பொதுத்துறையிலும் தனியாரிலும் மதிப்பு உண்டு. வங்கிக்குள் போய்விட்டால் ஜேஏஐஐபி, சிஏஐஐபி என்ற வங்கி ஊழியர்களுக்கான தேர்வுகளை எழுதி இன்கிரிமென்ட் வாங்கலாம். படிப்பு அங்கேயும் தொடரும்.

இப்போது அந்த வண்ணார்பேட்டை வேலை. சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள். அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலையா, வீடு வீடாகப் போய் வசூல் பண்ணுகிற வேலையா? ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? வாங்குவார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், எத்தனை சம்பளமாக இருந்தாலும் சரி. விட்டுப் போவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ்? இந்த மூன்றும் சரியாக இருந்தால் சேருங்கள். கேஒய்சி, சிபில் ஸ்கோர், தவணை தவறினால் என்ன ஆகும், வாடிக்கையாளர் கோபமாக வந்தால் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். வங்கி அதிகாரித் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் 80க்கு 20 என்று மதிப்பெண் சேர்ப்பார்கள். புத்தகத்தைப் படித்து வந்தவர் சொல்கிற பதிலுக்கும், நேற்று ஒரு வாடிக்கையாளரிடம் பேசிவிட்டு வந்தவர் சொல்கிற பதிலுக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணல் அறையில் உடனே தெரியும்.

வேலையோடு எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் போய்வரும் நேரம் குறைச்சல் இல்லை. முடிந்தால் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்குங்கள். காலை இரண்டு மணி நேரம் கணக்கும் ரீசனிங்கும், ராத்திரி ஒரு மணி நேரம் ஆங்கில வாசிப்பு, ஞாயிறு ஒரு முழு மாதிரித் தேர்வு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடக்கும், போய் விசாரியுங்கள். காசு கட்டிச் சேருகிற மையங்களுக்கு அதற்கப்புறம் போகலாம்.

எத்தனை சுற்று? வங்கித் தேர்வுகள் வருஷா வருஷம் வருகின்றன, பெரும்பாலும் வருஷத்தின் பிற்பாதியில். இரண்டு முழுச் சுற்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றிலும் முதன்மைத் தேர்வு வரைகூட வரவில்லை என்றால், தனியார் துறையிலேயே மேலே போகிற வழியைப் பாருங்கள். முதன்மைத் தேர்வில் தவறினால் இன்னும் ஒரு சுற்று எழுதலாம், வேலையை விடாமல். இந்தக் கெடுவை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். மனசுக்குள் மட்டும் வைத்திருக்கிற கெடு தேர்வு முடிவு வந்த அன்றே நீண்டுவிடும்.

வழியில் இரண்டு இடத்தில் கவனம். பொதுத்துறை வங்கிகள் பட்டதாரிகளை ஒரு வருஷ அப்ரண்டிஸாக எடுக்கின்றன. மாதம் 15,000 ரூபாய்போல உதவித்தொகை தருவார்கள், வேலையும் பழகலாம். ஆனால் வருஷம் முடிந்ததும் நிரந்தரமாக்குவோம் என்ற உறுதி எதுவும் அதில் கிடையாது. அதேபோல, வங்கியின் பெயர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக இருக்கக்கூடும். நியமன ஆணையில் யார் கையெழுத்து, யார் சம்பளம் போடுகிறார்கள் என்று பாருங்கள். இன்னொன்று, "துறைமுகத்துல ஆள் இருக்கு, இத்தனை லட்சம் குடுத்தா ஆர்டர் வாங்கிரலாம்" என்று வருகிற ஆட்கள். கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அப்பாவிடம்தான் பேசுவார்கள், உங்களிடம் இல்லை. வங்கி எழுத்தர் பணிக்கு நேர்காணலே இல்லை. மார்க்கை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். பணம் கொடுத்து நுழைய அதில் இடமே இல்லை என்பதை அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்பாவைப் பற்றி. பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு மழைக்காலம், ஒரு பெரிய கடை திறப்பு, ஒரு உடம்பு சரியில்லாத மாதம் எல்லாமே வருமானத்தை அடிக்கும். மாதம் முதல் தேதி சம்பளம் என்பது அவர் வாழ்நாளில் அனுபவிக்காத நிம்மதி. மகளுக்காவது அது கிடைக்கட்டும் என்று நினைக்கிறார். "மருவாதி" என்று அவர் சொல்வதில் பாதி அதுதான் என்று நான் நினைக்கிறேன். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, அரசு வேலை வேண்டாம் என்பதல்ல. "அதுக்குத்தான் போறேன்பா, போற வழியில சும்மா இருக்க மாட்டேன்" என்பது. முதல் மாதச் சம்பளத்தில் விண்ணப்பக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டிய காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பாக இருந்தால், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் மட்டும் வங்கித் தேர்வுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வில் ஜெயித்துவிட்டு இந்தத் தாள் இல்லாமல் கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைகிறவர்கள் உண்டு. அடுத்தது, ஒருவேளை டிஎன்பிஎஸ்சி பக்கம் போவதாக முடிவெடுத்தால்: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளுக்கு உங்களுக்கு அது கிடைக்காது, பிபிஏ ஆங்கில வழி. ஆனால் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. ஒன்றிலிருந்து பத்து வரை தமிழ் வழியில் படித்திருந்தால் அதில் கேட்கலாம். அதற்கு நீங்கள் படித்த பள்ளியில், ஒன்றுக்கு மேல் என்றால் ஒவ்வொரு பள்ளியிலும், உரிய படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்க வேண்டும். முழு ஆண்டு விடுமுறையில் பள்ளி ஆபீசில் ஆள் இருக்க மாட்டார்கள், அதற்கு முன்பே போய்விடுங்கள்.